தங்குவதற்கான காரணம்

2014-ல் முப்பது நாள் சுற்றுலா அனுமதியில் இலங்கைக்குப் போயிருந்த நான், இருபத்தாறாவது நாள் கொழும்பில் ஒரு கவுண்டருக்கு முன்னால் நின்று மேலும் அறுபது நாள் கேட்டேன். எதற்காகத் தங்கவேண்டும் என்ற கேள்விக்குச் ‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதியிருந்தேன். இங்கே உறவினர் யாராவது உண்டா என்று கவுண்டரில் இருந்தவர் தமிழிலேயே கேட்டார். இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

அந்த நேரத்தில் என் அக்கா ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், நான் பிறந்த அறைக்கு நாலு அறை தள்ளி, ஈரல் கெட்டுப் படுத்துக் கிடந்தாள். இன்னும் ஒரு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுபது நாள் என்று நான் கேட்டதற்கு இதுதான் ஆதாரம். ஒரு மாதம் சாவுக்கு, அதற்குமேல் முப்பதாம் நாள் பூசை வரைக்கும்.

ராயப்பன்பட்டிக்குத் திரும்பி இதைச் சொன்னபோது ஒருவர்கூட இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்வந்த தாய்மார் எங்கள் தெருவிலேயே உண்டு. கவுண்டரில் பேத்தி என்று வாய் தவறியும் சொல்லாதே, நயாகரா என்று சொல் என்பது அவர்களுக்குப் போதிக்கப்படுகிற முதல் பாடம். வருகிறவன் குடியேறவே வருகிறான் என்று முன்கூட்டியே அனுமானித்துக்கொண்டு, அப்படியில்லை என்று நிரூபிக்கிற பாரத்தை அவன் தலையில் ஏற்றி வைக்கிறது 1952-ன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். இந்தத் தர்க்கத்தில், அந்த மண்ணில் பற்றுள்ளவன் சந்தேகத்துக்குரியவன் ஆகிறான். நீர்வீழ்ச்சியைப் பார்க்க வந்தவன் நிரபராதி. பார்த்து முடித்ததும் போய்விடுவான். கிழவிகள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கவுண்டரில் நிற்கும்போது உடம்பால் தெரிந்துகொள்கிறார்கள். அவர்களை யாரும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஏன் பொய் சொல்ல நேர்கிறது என்பதை மட்டுமே இது விளக்குகிறது. சொன்னவனை அந்தப் பொய் பிறகு என்ன செய்கிறது என்பது வேறு விசாரம்.

எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற ராயப்பன் எவரானாலும் சரி, மாதா கோயில் மணிச்சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு ராயப்பர் என்றால் பேதுருதான். தலைமைக் குருவின் முற்றத்தில் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தவரை, நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரி கேட்க, அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்தவர். சிறு வயதில் பெரிய வெள்ளி வாசகத்தில் கேட்கும்போது கோழைத்தனம் என்று மட்டும் பட்டது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. உயிர்ப் பயம் மட்டும்தான் என்றால் அவர் முற்றத்துக்கே வந்திருக்க வேண்டியதில்லை; மற்றவர்கள் ஓடிப்போய்விட்டார்கள். உள்ளே நடப்பதைப் பார்க்கிற தூரத்தில் நிற்கவேண்டும், உண்மையைச் சொன்னால் நிற்க விடமாட்டார்கள். கிட்டே இருப்பதற்காக உறவையே மறுக்கிறார். என்னை அவரோடு வைத்துப் பேசிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அவர் பிறகு அழுதார் என்கிற ஒரு வித்தியாசம் இருக்கிறது.

டூரிஸ்ட் என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் யார்மேல் ஒட்டுவது என்பதே சிக்கல். நான் 1958-ல் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே, 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பாகப்பிரிவினை செய்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. (1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.) அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். ராயப்பன்பட்டி தாத்தாவின் ஊர். அப்பா கண்ணால் பார்த்ததில்லை. 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்தோம். அக்காவுக்கு அதற்கு முந்தின வருஷம் கல்யாணமாகியிருந்தது. அத்தான் வீட்டு விண்ணப்பம் வேறு, கோப்பு வேறு.

அவர்களுக்கும் பிற்பாடு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. புறப்படுகிறவரைக்கும் தங்கியிருக்க இலவச விசா என்று ஒப்பந்தத்திலேயே இடமிருந்தது. அத்தானின் சேமலாப நிதிக் கணக்கு முடியவில்லை, ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இப்படியே வருஷங்கள் போயின. 1982-ல் இனி அந்த ஒப்பந்தங்கள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று இந்தியா சொல்லிவிட்டது. 1983-ல் கலவரம். 1984-ல் கப்பல் நின்றுபோயிற்று. இந்தியக் குடியுரிமை கிடைத்தும் புறப்படாமல் 1982-ல் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர். அக்கா அவர்களில் ஒருத்தி. பிறந்த தோட்டத்திலேயே அந்நியப் பிரஜையாக, காலாவதியான காகிதத்தோடு, இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தாள். 2003-ல் இலங்கை ஒரு சட்டம் செய்து, 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக அங்கே வசித்துவந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் சந்ததியையும் பிரஜைகளாக்கியது. ஆக எங்கள் இருவரில் அனுமதிக் காலம் தாண்டித் தங்கியவள் என்ற பெயர் நகரவே நகராதவளுக்கு வந்தது. நகர்ந்துபோய்த் திரும்பி வந்தவன் டூரிஸ்ட்.

கவுண்டரில் நான் சொன்ன ‘இல்லை’க்கு வேர் இங்கே இருக்கிறது. உண்டு என்றால் அவள் பெயர், அவள் விலாசம், அவளுடைய பழைய பாஸ்போர்ட் என்று நூல் பிடித்துப் போய்விடுவார்கள் என்று குடும்பத்தின் பழைய பயம் என் காதில் சொல்லிற்று. அவள் அதற்குப் பதினோரு வருஷம் முன்பே பிரஜையாகிவிட்டாள் என்பது அந்தப் பயத்துக்கு எட்டவில்லை. இன்னொன்று, உறவினரைப் பார்க்க வருவதும் அந்தச் சுற்றுலா அனுமதியில் அடங்குகிற நோக்கம்தான் என்பது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. உண்மையை எழுதியிருந்தாலும் முத்திரை விழுந்திருக்கும். அவசியத்தால் சொன்ன பொய் என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்த மன்னிப்பு அன்றோடு செல்லாமல் போயிற்று.

காண்ட் 1795-ல் எழுதிய நிரந்தர சமாதானம் பற்றிய சிறு நூலில் இந்த விஷயத்துக்கென்றே ஒரு ஷரத்து இருக்கிறது. அந்நியனுக்கு வந்து பார்க்கிற உரிமை உண்டு. விருந்தாளியாகத் தங்குகிற உரிமை இல்லை, அதற்குத் தனியாக ஓர் உடன்பாடு வேண்டும் என்கிறார். வருகிற உரிமைக்கு அவர் காட்டுகிற ஆதாரத்தில் தயைக்கு இடமில்லை. அது பூகோள சம்பந்தமானது. பூமி உருண்டையாக இருக்கிறது, அதனால் மனிதர்கள் ஒருவரை விட்டு ஒருவர் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்காவது சகித்துக்கொண்டுதான் ஆகவேண்டும். வந்தவனைத் திருப்பி அனுப்பலாம், அதனால் அவனுக்கு அழிவு நேராது என்றால். இதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1797-ல், கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்று எழுதினார். நம்மவர்கள் இந்த இரண்டாவதைக் கிண்டலுக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தங்குகிற உரிமையும் கிடையாது, பொய் சொல்கிற உரிமையும் கிடையாது. கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் காண்ட் விட்டுவைத்திருப்பது உண்மையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற உரிமை ஒன்றுதான். அது சிறிய உரிமை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அதை நான் பயன்படுத்தவில்லை.

காண்டுக்கு நியாயம் செய்யவேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். விருந்துரிமைக்கு அவர் இத்தனை குறுகலாக எல்லை போட்டது ஐரோப்பிய வல்லரசுகளை மனதில் வைத்து. பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டவர்களை அவர் அதே பக்கங்களில் கடுமையாகச் சாடுகிறார். அவர்களை வாசலோடு நிறுத்திய சீனத்தையும் ஜப்பானையும் மெச்சுகிறார். கண்டி மலைகளில் காட்டை அழித்துத் தேயிலை வைத்தவர்களிடம் எந்தக் கவுண்டரும் காரணம் கேட்கவில்லை. வலியவனை நினைத்துப் போட்ட எல்லை, அமலுக்கு வரும்போது எளியவன் காலடியில் வந்து நின்றுகொள்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வுக்கே ஆதாரமான பெரியாற்றுத் தண்ணீருக்கு, 1886-ல் திருவிதாங்கூரோடு எழுதிக்கொண்ட குத்தகையின் காலம் 999 வருஷம். வேண்டுமானால் இன்னும் 999 வருஷம் நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் அதில் ஷரத்து உண்டு. காரணம் எழுதுகிற பத்தி அதில் இருந்திருக்காது. இந்தத் தண்ணீரில் வளர்ந்த நெல்லைச் சாப்பிட்டுக்கொண்டுதான் நான் அறுபது நாளுக்குக் கைகட்டி நின்றேன். குறை சொல்லவில்லை, விகிதத்தைச் சொல்கிறேன்.

2025 மே மாதம் நம் உச்ச நீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு விசாரணைக்கு வந்தது. சிறைத் தண்டனையை முடித்தவர். விசாவில் வந்தவன் நான், மனைவியும் குழந்தைகளும் இங்கேதான் இருக்கிறார்கள், நாடு கடத்தவேண்டாம் என்பது கோரிக்கை. உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்த நாடு தர்மசாலை அல்ல என்ற பொருளில் நீதிபதி சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது, மனு நிராகரிக்கப்பட்டது. சட்டத்தைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. நாட்டில் எங்கும் குடியிருக்கிற உரிமை பிரஜைகளுக்கே என்று அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது. உவமைதான் உறுத்துகிறது. யாரும் எத்தனை நாளும் இருந்துகொள்ளலாம் என்பதற்குத் தர்மசாலையை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்த ஸ்தாபனத்தை மறந்துவிட்டவர்கள். நம் சத்திரங்களில் பெரும்பாலும் மூன்று நாள் கணக்குத்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற நம் ஜனங்களுக்கு விருந்துக்கு எல்லை உண்டு என்பதைக் காண்ட் வந்து சொல்லவேண்டியதில்லை. வித்தியாசம் வேறிடத்தில். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற பாதையில் மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்களைப் பற்றி, 1801-ல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வழியில் நோயில் விழுந்தவனுக்குக் குணமாகிறவரைக்கும் வைத்தியமும் சாப்பாடும் உண்டு என்கிறார் அதில். அங்கே நாள் கணக்கை நீட்டித்தது வந்தவனின் எழுத்து அல்ல, அவன் கிடந்த நிலை. நோயாளி இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதைச் சத்திரத்துக்காரன் கண்ணால் பார்த்தான். கவுண்டருக்கு அந்தக் கண் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பத்தி இருக்கிறது. நிலையைக் காரணமாக மொழிபெயர்த்துக் கொடுக்கிற வேலை வந்தவன்மேல் விழுகிறது.

2020-ல் கொள்ளைநோய்க் காலத்தில் விமானங்கள் நின்றபோது, இந்தியாவில் அகப்பட்டுக்கொண்ட அந்நியர்களின் விசாக்களை அரசு கட்டணமில்லாமல் நீட்டித்தது. எல்லாருக்கும் காரணம் ஒன்றே என்று ஆனபோது அது சாத்தியமாயிற்று. ஒருவனுக்கு மட்டும் நேர்கிற சங்கடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் அறுபது நாளுக்கு வருகிறேன். முத்திரையோடு ஹட்டனுக்கு ரயிலேறியபோது நான் நிம்மதியாக இருந்தேன். லயத்துக்குள் நுழைந்த பிறகுதான் ஒரு தேதியையும் கூட்டிவந்திருக்கிறேன் என்று புரிந்தது. அதுவரை அக்காவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவன், அதற்குப்பின் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்ன ஒரு மாதம் கடந்தது. அவள் கஞ்சி இரண்டு கரண்டி கூடுதலாகக் குடித்தால் சந்தோஷப்படவேண்டிய மனது, அப்படியானால் எப்போது என்று கேட்டது. ஒரு நாள் காலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பிரட்டுக்குப் போகிற பெண்களை வாசலோடு வம்புக்கு இழுத்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு கணம்தான். ஆனால் அது வந்தது. அதை வேறு பெயரிட்டு அழைக்க எனக்குத் தெரியவில்லை.

‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதிய வார்த்தை தன்னை இப்படி உண்மையாக்கிக்கொண்டது. திரும்புகிற சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவனின் பார்வை என்று ஒன்று இருக்கிறது. கோயிலானாலும் அருவியானாலும், இவ்வளவு நேரத்துக்குள் காட்டவேண்டியதைக் காட்டிவிடு என்று எதிரில் இருப்பதைக் கேட்கிற பார்வை. அதே கண்ணால் அவளைப் பார்த்தேன். அவளுடைய சாவு எனக்கு ஒரு நிகழ்ச்சி நிரலில் வந்துவிட்டது.

மறுபடியும் விண்ணப்பித்திருக்கலாம். அப்போதிருந்த விதிப்படி இன்னொரு தொண்ணூறு நாள் வரைக்கும் நீட்டிக்க வழியிருந்தது. நான் போகவில்லை. முதல் பொய் ஆபத்துக்குச் சொன்னது, இரண்டாவது சொன்னால் பழக்கமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காண்ட் அந்த நாட்களில் மிகவும் ஒத்தாசையாக இருந்தார். உண்மையைச் சொல்லி இன்னொரு விண்ணப்பம் போடலாம் என்பது மட்டும் தோன்றவே இல்லை. போட்டால் முந்தினது பொய் என்று ஆகிவிடுமே. இங்கே ஊரில் திராட்சைக்குக் கவாத்து நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்து பண்ணுகிற நாளை வைத்துத்தான் காய்ப்பு. நாள் தவறினால் வியாபாரி விலை தவறும். (தேயிலைக்கும் அங்கே கவாத்து என்றுதான் பெயர், அப்பா அந்தக் கத்தியைப் பிடித்த கையோடுதான் இந்தக் கத்தியைப் பிடித்தார்.) இந்தக் காரணத்தையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையான காரணங்கள் எழுதிக் கொடுக்கிற மாதிரி இருப்பதில்லை.

எண்பத்தெட்டாம் நாள் புறப்பட்டேன். நான் வந்த பத்தொன்பதாம் நாள் போன் வந்தது.

குறித்த தேதிக்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறியதை என் நண்பர்கள் நாணயம் என்கிறார்கள். அந்த அரசாங்கத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்பது வாஸ்தவம். பொய்யால் வாங்கிய நாட்களை நேர்மையாகச் செலவழித்து, ஒரு நாள்கூட மிகைப்படாமல் திருப்பிக் கொடுத்தேன். நாணயத்துக்கும் பயத்துக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமில்லை. கப்பல் நின்ற பிறகு காகிதமில்லாமல் இருபது வருஷம் இருந்தாளே, அந்த ஒருத்திக்குத் தேதியை மீறுவது என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். அவளுக்குப் பயமில்லாமலில்லை. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள்.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி அவள் விழித்திருந்தாள். சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னுங் கொஞ்ச நாளைக்கு எழுதி வாங்க ஏலாதா தம்பி?”

“ஏலாதுக்கா. அவ்வளவுதான் குடுப்பாங்க.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நான்தான் ஏதோ இழந்துவிட்டவன் போல, என் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள்.

“அவங்க எப்பதான் குடுத்திருக்காங்க. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத” என்றாள்.